நான்காவது இரவின் விடியற்காலை: செவிலியரின் தூக்கத்துக்கு யார் பொறுப்பு?

செங்காந்தள்:

அனைவருக்கும் வணக்கம். செவிலியர் பணியில் எனக்கு இது பதினொன்றாம் ஆண்டு. முதல் ஆறு ஆண்டுகள் தனியார் மருத்துவமனையில் இருந்தேன். இப்போது தென் மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில், பெண்கள் மருத்துவ வார்டில் இருக்கிறேன். சென்ற மாதம் என் கையால் நடக்கவிருந்த ஒரு பிழையை இங்கே எழுத வேண்டும் என்று பல நாள் எண்ணி, இன்றுதான் துணிவு வந்தது.

அன்று எனக்குத் தொடர்ந்து நான்காவது இரவு. வார்டில் 34 நோயாளிகள். பார்த்துக்கொள்ள நானும் ஒரு பயிற்சி மாணவியும். அன்றைய பகலில் நான் தூங்கியது மூன்று மணி நேரம்கூட இருக்காது. காலை உணவுக்கு முன் போட வேண்டிய இன்சுலினை ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் வார்டில் எப்போதும் இருப்பது மில்லிலிட்டருக்கு 40 யூனிட் குப்பி. அதற்குரிய ஊசிக்குச் சிவப்பு மூடி. அன்று நோயாளி அம்மா ஒருவரின் வீட்டார் வெளிக்கடையில் வாங்கி வைத்திருந்ததோ 100 யூனிட் குப்பி. அதற்கு ஆரஞ்சு மூடி உள்ள ஊசி வேண்டும். பழக்கத்தில் கை சிவப்பு மூடியைத்தான் எடுத்தது. 16 என்ற கோடு வரை மருந்தை ஏற்றி, விளக்குக்கு நேரே இருமுறை பிடித்துப் பார்த்தேன். கோடு சரியாகவே இருந்தது. ஆனால் 100 யூனிட் குப்பியின் மருந்து இரண்டரை மடங்கு செறிவானது என்பதால், அந்தக் கோட்டுக்குள் இருந்தது 16 யூனிட் அல்ல, 40 யூனிட்.

உடன் இருந்த மகள், "வீட்ல நாங்க போடுற ஊசிக்கு மூடி வேற கலரா இருக்கும் சிஸ்டர்" என்றார். அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால், சர்க்கரை இறங்கி அந்த அம்மா மயங்கும் நேரத்தில் நான் அடுத்த செவிலியரிடம் வார்டை ஒப்படைத்துவிட்டுப் பேருந்தில் உட்கார்ந்திருப்பேன்.

நடந்ததை நானே இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொன்னேன், பதிவேட்டிலும் எழுதினேன். இரண்டு நாள் கழித்து விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அதில் இருந்த சொல் "கவனக்குறைவு". நான் கவனம் இல்லாமல் இல்லை, இருமுறை பார்த்தேன், பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. இந்த வேறுபாட்டை எப்படி எழுதிப் புரியவைப்பது என்று தெரியாமல்தான் உங்களிடம் கேட்கிறேன். உங்கள் பணியிடங்களில் தூக்கத்தைப் பற்றி யாராவது எப்போதாவது கேட்டிருக்கிறார்களா?

வைகறை:

சகோதரி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். செவிலியர் கல்லூரியில் உடலியங்கியல் கற்பிப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: "பார்த்தும் தெரியவில்லை" என்று நீங்கள் எழுதிய சொற்களே உடலியங்கியல்படி மிகச் சரியானவை.

கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையில் ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு திரள் இருக்கிறது. உடலின் நாட்கடிகாரம் அதுதான். உயிரணுவுக்குள் அந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நம் உடல் வெப்பநிலை அதிகாலை நான்கு, ஐந்து மணி அளவில் மிகத் தாழ்ந்திருக்கும். விழிப்புணர்வும் அதனோடு சேர்ந்தே தாழும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது; தூங்கினால்தான் அது கரையும். பகலில் மூன்று மணி நேரம் மட்டும் தூங்கியவருக்கு இரண்டு சுமைகளும் ஒரே நேரத்தில், விடியற்காலையில், தலைமேல் இறங்குகின்றன. அந்த நேரத்தில் மூளை பழகிய செயலைத் தவறாமல் செய்யும். பழகாத ஒரு மாற்றம் நடுவில் வந்திருப்பதைத்தான் அது தவறவிடும். உங்கள் கை சிவப்பு மூடியை எடுத்தது அப்படித்தான்.

1997இல் டாசன், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள், விழித்திருக்கும் நேரத்தையும் மது அருந்திய நிலையையும் ஒப்பிட்டு, தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன் இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் அளவுக்கும், 24 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன் 0.10 விழுக்காடு உள்ளவரின் அளவுக்கும் குறைகிறது என்று காட்டினார்கள். நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் வாகனம் ஓட்டுவதற்கான வரம்பு 0.03 விழுக்காடு. காலை ஆறு மணிக்கு எழுந்து, பகலில் கண்ணயராமல் முதல் இரவுப் பணிக்கு வரும் செவிலியர், மறுநாள் காலை ஆறு மணிக்கு ஊசி போடும்போது 24 மணி நேரத்தை எட்டிவிடுகிறார். அந்த நிலையில் இருப்பவரை வண்டி ஓட்ட விடக்கூடாது என்று நாம் ஒப்புக்கொள்வோம் என்றால், அவர் கையில் இன்சுலினையும், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினையும், அளவு மீறினால் இதயத்தையே நிறுத்திவிடும் பொட்டாசியம் குளோரைடையும் கொடுத்திருப்பதைப் பற்றி என்ன சொல்வது என்று மாணவிகளிடம் ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறேன். அவர்களுக்கு விடை தெரியும். கேட்க வேண்டியவர்கள்தான் கேட்பதில்லை.

மருதாணி:

அக்கா, நான் தனியார் மருத்துவமனையில் ஐ.சி.யூ.வில் இருக்கிறேன், சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எங்களுக்கு 12 மணி நேரம்தான் டியூட்டி என்றாலும், அடுத்துப் பணியேற்க வேண்டிய ரிலீவர் வராவிட்டால் விட்டுப் போக முடியாது. போன மாதம் இரண்டு முறை டபுள் டியூட்டி பார்த்தேன். இரண்டாம் முறை, காலையில் ஸ்கூட்டியில் விடுதிக்குத் திரும்பும்போது சிக்னலில் நின்றது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது பின்னால் வந்த பேருந்தின் ஹாரன். இடையில் எத்தனை விநாடி போயிற்று என்று எனக்குத் தெரியாது. கண் திறந்தே இருந்ததாகத்தான் நினைக்கிறேன். அதன் பிறகு இரவு முடிந்தால் ஸ்கூட்டியை மருத்துவமனையிலேயே விட்டுவிட்டு நடந்து போகிறேன்.

மாதவிடாயும் ஒரு மாதம் வருகிறது, ஒரு மாதம் வருவதில்லை. இதை யாரிடம் சொல்வது என்றும் தெரியவில்லை.

வைகறை:

தங்கை மருதாணி, கண் திறந்திருக்க மூளை சில விநாடிகள் உறங்கிவிடும் நிலை அது. வண்டியை விட்டுவிட்டு நடப்பது மிக நல்ல முடிவு, தொடருங்கள். மாதவிடாய் மாற்றம் இரவுப் பணி செய்யும் பெண்கள் பலருக்கும் வருவதுதான்; ஆனாலும் தைராய்டு உள்ளிட்ட வேறு காரணம் ஏதும் இல்லை என்று ஒரு மகப்பேறு மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை.

பொருநைக்கரை:

நான் ஆண் செவிலியர். திருநெல்வேலியில் படித்து, இப்போது இங்கிலாந்தில் பணி செய்கிறேன். இங்கே நிலைமை எப்படி என்று சிலர் கேட்பதால் எழுதுகிறேன். இரண்டு பணிகளுக்கு நடுவில் குறைந்தது 11 மணி நேரம் தொடர்ந்து ஓய்வு தர வேண்டும் என்று 1998ஆம் ஆண்டின் பணிநேர விதிகள் சொல்கின்றன. இரவில் பணி செய்பவருக்கு இலவச உடல்நலச் சோதனையும் வழங்கியாக வேண்டும். ஊரில் மாலை டியூட்டி முடித்து இரவு எட்டரைக்குக் கிளம்பி, மறுநாள் காலை ஏழு மணிக்கு மீண்டும் வார்டில் நின்ற எனக்கு, "பதினொரு மணி நேரம் ஆகவில்லை, நீ இப்போது வரக்கூடாது" என்று முதன்முறையாக ஒருவர் தடுத்துச் சொன்னபோது கண் கலங்கிவிட்டது.

அதற்காக இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று யாரும் எண்ண வேண்டாம். பன்னிரண்டரை மணி நேரப் பணிதான் இங்கும் வழக்கம். எங்களில் பலர் அதை விரும்பியும் கேட்கிறோம். வாரத்தில் மூன்று, நான்கு நாள் வந்தால் போதும், மற்ற நாட்கள் குடும்பத்துக்கு என்ற கணக்கு. ஆனால் அமெரிக்காவில் 393 செவிலியர் தம் பணி நேரத்தையும் பிழைகளையும் தாமே குறித்துவைத்து, 2004இல் வெளியான ஆய்வு ஒன்றில், பன்னிரண்டரை மணி நேரமோ அதற்கு மேலோ நீண்ட பணிகளில் பிழை நேரும் வாய்ப்பு மூன்று மடங்கு என்று தெரியவந்தது. அதைப் படித்த பிறகு, கடைசி இரண்டு மணி நேரத்தில் எந்த மருந்தையும் தனியாக ஏற்றுவதில்லை என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒருவரை அழைத்துப் படித்துக் காட்டிவிட்டுத்தான் போடுகிறேன்.

முன்னாள் கண்காணிப்பாளர்:

வணக்கம், பிள்ளைகளே. முப்பத்து மூன்று ஆண்டு அரசுப் பணியில் இருந்து, நர்சிங் சூப்பரண்டாக ஓய்வு பெற்றவள் நான். டியூட்டி லிஸ்ட் போட்ட கை என்னுடையது. அதனால் நானும் பதில் சொல்லக் கடமைப்பட்டவள்.

ஒரு வார்டில் எந்நேரமும் ஒரே ஒரு செவிலியர் இருக்க வேண்டும் என்றால் வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம் பார்த்தால் மூன்றரைப் பேர் வேண்டும். விடுப்பு, பேறுகால விடுப்பு, உடல்நலக் குறைவு எல்லாவற்றையும் சேர்த்தால் நான்கு பேருக்கு மேல் வேண்டும். எந்நேரமும் இருவர் இருக்க வேண்டும் என்றால் எட்டு, ஒன்பது பேர். பொது மருத்துவமனையில் 5 நோயாளிக்கு ஒரு செவிலியர், கற்பிக்கும் மருத்துவமனையில் 3 நோயாளிக்கு ஒருவர், அதற்கு மேல் விடுப்புக்கு ஈடாக 30 விழுக்காடு என்று இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்திருக்கிறது. என் கையில் 30 படுக்கை வார்டுக்கு ஐந்து பேர் இருந்தார்கள். அந்த ஐந்து பெயரை வைத்து முப்பது நாள் கட்டத்தை நிரப்ப வேண்டும். பென்சிலால் எழுதி, அழித்து, மீண்டும் எழுதி, தாள் ஓட்டையாகிப்போன மாதங்கள் உண்டு. யாருடைய தூக்கத்தைப் பிடுங்குவது என்பதுதான் அந்தக் கட்டத்தில் நான் முடிவு செய்துகொண்டிருந்தது. அப்போது அதை அந்தப் பெயரில் நான் நினைக்கவில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். மாலை முடித்து மறுநாள் காலை வரும்படி லிஸ்ட் போடச் சொல்லிப் பிள்ளைகளே கேட்பார்கள். அப்படிப் போட்டால்தான் விடுப்பு நாளோடு சேர்ந்து ஊருக்குப் போய்வர நேரம் கிடைக்கும். நானும் அன்பாகச் செய்வதாக எண்ணிப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு பணிகளுக்கு நடுவில் 12 மணி நேர ஓய்வு வேண்டும், மிகைநேரம் சேர்த்தும் ஒரு நாளில் 12 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று பன்னாட்டுத் தொழில் அமைப்பு செவிலியருக்கென்றே 1977இல் பரிந்துரைத்திருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகுதான் அதைப் படித்தேன். முன்பே யாராவது என் மேசையில் வைத்திருந்தால் எத்தனையோ கட்டங்களை வேறு மாதிரி நிரப்பியிருப்பேன்.

செங்காந்தள், உங்கள் விளக்கக் கடிதத்தில் அழவும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். அந்த மாத லிஸ்டின் நகலை இணையுங்கள். அன்றிரவு எத்தனை நோயாளிகள், எத்தனை செவிலியர், அது உங்களுக்கு எத்தனையாவது இரவு என்பதை எண்ணாக எழுதுங்கள். இரண்டு வகைக் குப்பியும் ஒரே தட்டில் இருந்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

அரசமரத்தடி:

நான் செவிலியர் அல்லன், செவிலியரின் கணவன். இங்கே பேச எனக்கு இடம் உண்டா என்று தெரியவில்லை, ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மருத்துவமனை பிடுங்கியது போக மிச்சமிருக்கும் தூக்கத்தை வீடுதான் பிடுங்குகிறது.

என் மனைவி காலை ஒன்பது மணிக்கு வந்து, குளித்து, இட்லி சாப்பிட்டுப் படுக்க பத்து ஆகும். பத்தரைக்கு கேஸ் சிலிண்டர் வரும். பதினொன்றுக்கு அடுத்த வீட்டில் கிரைண்டர் ஓடும். பன்னிரண்டுக்கு எங்கள் வீட்டிலேயே குக்கர் நான்கு விசில் அடிக்கும். உறவினர் யாராவது போனில், "பகல்ல என்னம்மா தூக்கம்?" என்பார்கள். ஓர் இரவு முழுவதும் என் அம்மாவுக்குத் துணையாக மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தபோதுதான், இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் அந்தச் சிஸ்டர்கள் நடந்துகொண்டே இருப்பதை நான் கண்ணால் பார்த்தேன். மறுநாள் நான் விடுப்பு எடுத்துப் படுத்துவிட்டேன். என் மனைவி இதை மாதத்தில் எட்டு நாள் செய்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இப்போது நாங்கள் செய்வது: அறை ஜன்னலுக்குக் கெட்டியான கறுப்புத் துணி. அழைப்பு மணியின் சுவிட்ச் அணைந்திருக்கும். கதவில் என் எண் எழுதிய அட்டை. இரவுப் பணி உள்ள நாட்களில் மதியச் சமையலை நான் விடியற்காலையிலேயே முடித்துவிடுகிறேன். சிக்கல் வந்தது மாலையில்தான். பணிக்குப் போகும் முன் ஐந்தரையிலிருந்து ஏழு வரை கொஞ்சம் படுத்தால் நல்லது என்று அவள் சொன்னாள். விளக்கு வைக்கும் நேரத்தில் பெண் படுத்திருக்கக் கூடாது என்றார் என் அம்மா. அவரிடம் வாதாடவில்லை. அன்று மருத்துவமனையில் உங்களுக்கு ஊசி மாற்றிப் போடாமல் பார்த்துக்கொண்ட பெண்ணும் அந்த நேரத்தில் படுத்து எழுந்து வந்தவளாகத்தான் இருக்கும் என்றேன். இப்போது அம்மாவே விளக்கை ஏற்றிவிட்டு அறைக் கதவைச் சாத்துகிறார்.

மருதாணி:

அண்ணா, இதைப் படித்து எங்கள் விடுதி அறையில் மூன்று பேரும் அமைதியாகிவிட்டோம்.

வைகறை:

அரசமரத்தடி ஐயா சொன்ன மாலைத் தூக்கம் மிக முக்கியம். முதல் இரவுக்கு முன் அதைவிட நல்ல மருந்து இல்லை. காபியை இரவு முற்பகுதியில் குடித்துவிடுங்கள். அதன் வீரியம் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும் என்பதால், நான்கு மணிக்குக் குடித்த காபி ஒன்பது மணிக்கும் பாதி உடலில் இருக்கும். இரவில் ஒருவர் பார்த்துக்கொள்ள இன்னொருவர் இருபது நிமிடம் கண்ணயர்வது நல்லது. நீண்ட நேரம் தூங்கி எழுந்தால் சற்று நேரம் தடுமாற்றம் இருக்கும் என்பதால் எழுந்ததும் மருந்தைத் தொட வேண்டாம். ஜப்பானில் 16 மணி நேர இரவுப் பணி உள்ள மருத்துவமனைகளில் தூங்கும் இடைவேளை பணியின் பகுதியாகவே இருக்கிறது. நம் ஊரில் அதே இருபது நிமிடத்துக்குச் "செவிலியர் தூங்கினார்" என்று புகைப்படம் போடுகிறார்கள்.

கார்த்திகைப்பூ:

இரவுப் பணியால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று வாட்சப்பில் வந்தது. உண்மையா? எனக்கு இருபது ஆண்டு ஆகிவிட்டது. மிகவும் பயமாக இருக்கிறது.

வைகறை:

பயத்தைக் கூட்டாமலும் உண்மையை மறைக்காமலும் சொல்ல முயல்கிறேன். உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் நாட்கடிகாரத்தைக் குலைக்கும் முறைப்பணியை, அதாவது ஷிப்ட் வேலையை, "மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும்" என்ற 2ஏ பிரிவில் சேர்த்தது. 2019இல் மீண்டும் ஆராய்ந்து இரவுப் பணியை அதே பிரிவில் வைத்தது. மனிதரிடம் கிடைத்துள்ள சான்று இன்னும் முழுமையாகவில்லை, ஆனால் புறக்கணிக்க முடியாதது என்பது அதன் பொருள். இதில் பெரும்பங்கு, 1976இல் அமெரிக்காவில் 1,21,700 செவிலியரைக் கொண்டு தொடங்கிய நெடுங்கால ஆய்விலிருந்து வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் சுழற்சி இரவுப் பணி செய்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய் 36 விழுக்காடு கூடுதல் என்று 2001இல் அதில் தெரிந்தது. பின்னர் வந்த கணக்குகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. 36 விழுக்காடு என்றால் நூற்றுக்கு 36 பேருக்கு வரும் என்பதல்ல; சாதாரணமாக வரக்கூடிய சிறு எண்ணிக்கையின்மேல் அந்த அளவு கூடுகிறது.

அதே செவிலியரிடம் நீரிழிவும் இதயத் தமனி நோயும் இரவுப் பணியின் ஆண்டுகளோடு சேர்ந்து கூடுவது தெரிந்திருக்கிறது. நம் ஊரில் எனக்கு அதிகக் கவலை தருவது நீரிழிவுதான். ஆண்டுக்கு ஒரு முறை இரத்தச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பாருங்கள். மார்பகப் பரிசோதனைக்கும் போங்கள். நோயாளிக்கு நாம் தினமும் சொல்வதை நமக்குச் செய்துகொள்வதில்லை.

பொருநைக்கரை:

செங்காந்தள் அக்கா, நான்கு இரவு தொடர்ந்து போடுவது குறித்து ஒரு கேள்வி. உங்கள் வார்டில் அதைக் குறைக்க வழி உண்டா? காலை, மாலை, இரவு என்ற முன்னோக்கிய சுழற்சி உடலுக்கு எளிது என்பார்கள். மனிதக் கடிகாரம் 24 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடுவதால் தாமதமாகப் படுப்பது சீக்கிரம் படுப்பதைவிடச் சுலபம்.

செங்காந்தள்:

எல்லோருக்கும் நன்றி. கண்காணிப்பாளர் அம்மா சொன்னபடியே கடிதம் எழுதி, நேற்றுக் கொடுத்துவிட்டேன். ஒன்றரைப் பக்கம். முதல் பத்தியில் என் பிழையை அப்படியே எழுதினேன். இரண்டாம் பத்தியில் எண்கள் மட்டும். வாங்கிக்கொண்டவர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் லிஸ்டின் நகலை மட்டும் தனியாக எடுத்து மறுபடி பார்த்தார்.

இன்சார்ஜ் சிஸ்டர் அதற்குள் இரண்டு காரியம் செய்துவிட்டார். 100 யூனிட் குப்பிகளும் ஆரஞ்சு மூடி ஊசிகளும் இப்போது தனி டப்பாவில், மேல் தட்டில் இருக்கின்றன. காலை இன்சுலினை ஊசியில் ஏற்றியதும், நோயாளியிடமோ உடனிருப்பவரிடமோ குப்பியையும் ஊசியையும் காட்டி அளவை வாய்விட்டுச் சொன்ன பிறகே போட வேண்டும். தம்பி கேட்ட கேள்விக்கு: அடுத்த மாதம் மூன்று இரவுக்கு மேல் யாருக்கும் தொடர்ந்து போடுவதில்லை என்று பேசியிருக்கிறோம். அதற்காக எங்களில் இருவர் சேர்ந்தாற்போல் கிடைக்கும் விடுப்பை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். ஒருத்தியின் சொந்த ஊர் ஏழு மணி நேரப் பயணம். ஆள் கூடாமல் இதை எத்தனை மாதம் இழுக்க முடியும் என்று தெரியவில்லை.

முன்னாள் கண்காணிப்பாளர்:

மெமோவுக்கு என்ன முடிவு வந்தாலும் இங்கே எழுதுங்கள், அம்மா. தண்டனை என்று ஏதாவது வந்தால் மேல்முறையீட்டைச் சேர்ந்தே எழுதுவோம். ஊர் தூரமுள்ள அந்தப் பிள்ளைக்கு மாதத்தில் ஒரு முறையாவது மூன்று நாள் சேர்ந்து கிடைக்கும்படி லிஸ்ட் போட முடியுமா என்று பார்க்கிறேன். எல்லோருடைய பெயரின் முதல் எழுத்தையும் விருப்ப நாட்களையும் எனக்குத் தனியே அனுப்புங்கள். பென்சில் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.